காசு கிடந்த இடம்

ஜெர்மனியின் வடமேற்கில், ஆஸ்னாப்ரூக் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் கால்க்ரீஸ என்ற சிற்றூர் இருக்கிறது. தெற்கே மரம் அடர்ந்த குன்று, வடக்கே பெருஞ்சதுப்பு, இரண்டுக்கும் நடுவே ஆளும் வண்டியும் போகக்கூடிய குறுகலான மணல்தரை. அந்த வட்டாரத்து உழவர்கள் ஏர் ஓட்டும்போதும் புற்கரணை வெட்டும்போதும் ரோமானியக் காசுகளைக் கண்டெடுத்த செய்தி 18ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் உண்டு. பக்கத்தில் பாரனாவ மாளிகையில் வாழ்ந்த ஃபான் பார் குடும்பத்தார் அவற்றில் பலவற்றைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஊரறிந்த விஷயம்தான். ஆனால் அந்தக் காசுகள் ஏன் அங்கே வந்தன என்று கேட்பார் இல்லை.

கேட்டவர் தியோடர் மொம்சன். ரோமானிய வரலாறு எழுதியதற்காகப் பின்னால் 1902இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றவர். பாரனாவ தொகுப்பைப் பரிசோதிக்க யூலியுஸ் மெனாடியர் என்ற நாணயவியலாளர் போனார். பொன், வெள்ளி, செம்பு ஆகிய மூன்று உலோகக் காசுகளிலும் மிகப் பெரும்பாலானவை பேரரசர் அகஸ்டஸ் காலத்தோடு நின்றுவிடுகின்றன என்று தெரிந்தது. வணிகன் புதைத்த பணமாக இருந்தால் ஒரே குழியில் கிடக்க வேண்டும். இவையோ வயல் வயலாகச் சிதறிக் கிடைத்தவை. ஓடிக்கொண்டிருந்த படை ஒன்று இழந்த பணம் இது, வாருஸின் மூன்று படையணிகள் அழிந்த இடம் இதுவே என்று 1885இல் மொம்சன் ஒரு சிறு நூல் எழுதினார்.

கி.பி. 9இல் நடந்த அந்த அழிவு ஐரோப்பிய வரலாற்றில் ஒரு பெரிய முடிச்சு. ரோமானிய ஆளுநர் புப்ளியுஸ் குவிங்டிலியுஸ் வாருஸ், 17, 18, 19ஆம் படையணிகளோடு கோடை முகாமிலிருந்து ரைன் நதிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் செருஸ்கி குலத்து இளவரசன் ஆர்மினியுஸ் அவரைப் பொறியில் சிக்க வைத்தான். ரோமானியக் குடியுரிமை பெற்று, ரோமானியத் துணைப்படைக்குத் தலைமை தாங்கியவன் அவன். நம்பிக்கைக்குரியவனாக உடன் வந்தவன். காட்டிலும் மழையிலும் பல நாள் நீண்ட தாக்குதலில் படை முழுக்க அழிந்தது. வாருஸ் தன் வாளிலேயே விழுந்து மாண்டார். அதன்பின் அந்த மூன்று எண்களையும் எந்தப் படையணிக்கும் ரோம் சூட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியருக்கு ஆர்மினியுஸ் தேசிய வீரன் ஆனான். டெட்மோல்ட் நகருக்கு அருகே மலைமேல் வாள் உயர்த்தி நிற்கும் அவனது பிரம்மாண்டச் சிலை 1875இல் திறக்கப்பட்டது. போர் நடந்த இடம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் விட்டுச்சென்ற ஒற்றை இடக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு காட்டைக் காட்டினார்கள். பள்ளி ஆசிரியரும் பாதிரியாரும் ஓய்வுபெற்ற இராணுவத்தாரும் எழுதிய நூற்றுக்கணக்கான கருதுகோள்களில் மொம்சனுடையதும் ஒன்றாகிப் போனது.

அவரை மறுத்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. காசு இருக்கிறது, ஆயுதம் எங்கே? ஒரு பெரும்படை மடிந்த நிலத்தில் ஈட்டிமுனை ஒன்றாவது கிடைத்திருக்க வேண்டாமா? காசு எப்படியும் பயணம் செய்யும், கைமாறும், கொள்ளை போகும். அதை மட்டும் வைத்துப் போர்க்களம் என்று சொல்லிவிட முடியாது. விவாதம் அங்கேயே நின்று நூறாண்டு உறங்கியது.

அதை எழுப்பியவர் டோனி கிளன் என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி. 1987இல் ஆஸ்னாப்ரூக்கில் பணியில் இருந்த அவருக்கு ஓய்வு நேரத்தில் மெட்டல் டிடெக்டரோடு அலைவது பொழுதுபோக்கு. கருவியை எடுத்துக்கொண்டு நேரே காட்டுக்குப் போகாமல், முதலில் மாவட்டத் தொல்லியலாளர் வொல்ஃப்காங் ஷ்லூட்டரைப் போய்ப் பார்த்தார். இந்த வரிசைதான் இந்தக் கதையின் அச்சாணி. கால்க்ரீஸ பக்கம் தேடிப் பாருங்கள் என்றார் ஷ்லூட்டர். பழைய நிலப்படங்களைப் பார்த்து, மொம்சனின் நூலைப் படித்து, நிலக்காரர்களிடம் விசாரித்து, ஒரு வயலைத் தேர்ந்தெடுத்தார் கிளன். அந்த ஜூலையில் டெனாரியஸ் எனப்படும் வெள்ளிக்காசுகள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. எண்ணிக்கை நூறைத் தாண்டியது. எது எங்கே கிடந்தது என்று குறித்து ஷ்லூட்டரிடம் ஒப்படைத்தார்.

இருந்தாலும் அது மறுபடியும் காசுதான். மொம்சனை மறுத்தவர்கள் அசைந்து கொடுக்கத் தேவையில்லை. நிலைமையை மாற்றியவை 1988 கோடையில் அவர் கொண்டுவந்த மூன்று ஈயக் கட்டிகள். பாதாம் பருப்பின் வடிவம், உள்ளங்கையில் அடங்கும் அளவு, விற்றால் காசு பெறாத பொருள். ரோமானியத் துணைப்படையினர் கவணில் வைத்து வீசும் குண்டுகள் அவை. வணிகனின் பையில் கவண்குண்டு இருக்காது. அங்கே ரோமானியப் படை நின்றது என்பதற்கு மொம்சனிடம் இல்லாத சான்று கிடைத்துவிட்டது. 1989இல் முறையான அகழாய்வு தொடங்கியது.

இந்த இடத்தில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். விவகாரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. டிடெக்டரின் நுனியில் உள்ள வட்டத்தட்டுக்குள் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அது எழுப்பும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்ப, இன்னொரு சுருள் அதை உணர்கிறது. போன அலைக்கும் வந்த அலைக்கும் இடையிலான காலப் பிசகு உலோகத்துக்கு உலோகம் மாறும். வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை. அவற்றின் பிசகு ஒரு வகை. இரும்பு காந்தத்தன்மை உள்ளது. அதன் பிசகு வேறு வகை. இதைக் கருவி ஒலியாக மாற்றித் தருகிறது. வெள்ளிக்குக் கூர்மையான உச்ச ஒலி, இரும்புக்குக் கரகரத்த தாழ்ந்த ஒலி. ஒரு காசைச் சாதாரணக் கருவி உணரும் ஆழம் பெரும்பாலும் ஒரு சாண், மிஞ்சினால் அதற்குமேல் நாலு விரல்.

காட்டில் இரும்புக் குப்பை அதிகம். வேலி ஆணி, குதிரை லாடத் துண்டு, வேட்டைக்காரர் தோட்டா, ஜெர்மனியிலானால் இரண்டு உலகப்போர்களின் குண்டுச் சிதறல், வெடிக்காத குண்டுகூட. ஒவ்வொரு கரகரப்புக்கும் குனிந்து தோண்டினால் முதுகு போய்விடும். அதனால் கருவிகளில் இரும்பை ஒதுக்கும் வசதி இருக்கிறது. அதை முடுக்கிவிட்டால் இரும்பின் ஒலியே காதில் விழாது. வெள்ளியும் செம்பும் வெண்கலமும் மட்டும் கூப்பிடும். பொழுதுபோக்குக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் ரோமானியப் படையின் அன்றாடம் பெரும்பாலும் இரும்பு. ஈட்டிமுனை இரும்பு, கூடார முளை இரும்பு, வண்டி அச்சாணி இரும்பு, செருப்பின் அடியில் அறைந்த குமிழாணி இரும்பு. இரும்பை ஒதுக்கித் தேடுகிறவருக்குக் காசு கிடைக்கும், போர்க்களம் கிடைக்காது.

டிடெக்டரைக் கொண்டே போர்க்களத்தைப் படிக்கலாம் என்பது தொல்லியலாளர்களுக்குப் புரிந்தது ஜெர்மனியில் அல்ல, அமெரிக்காவில். மொன்டானாவில் 1876இல் கஸ்டரின் குதிரைப்படையை லகோட்டா, சையான் வீரர்கள் வீழ்த்திய லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெளிப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் டிடெக்டர் ஏந்திய தன்னார்வலர்களை வரிசையாக நிறுத்தி நடக்க விட்டார்கள். ஒலி கேட்ட இடத்தில் ஒரு கொடி. பின்னால் வருபவர்கள் தோண்டி, அளந்து, குறித்துக்கொண்டு எடுப்பார்கள். தோட்டா உறையின் அடியில் துப்பாக்கியின் ஊசி பதித்த தடத்தை ஒப்பிட்டு, குறிப்பிட்ட ஒரு துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதுவரை சொல்ல முடிந்தது. பெரும்பாலும் புதையல் தேடுபவர்கள் பயன்படுத்திய கருவியைத் தொல்லியல் கையில் எடுத்தது இப்படித்தான்.

கால்க்ரீஸயில் இன்னொரு சிக்கல், அதுவே ஒரு வாய்ப்பும்கூட. ஓபரெஷ் என்ற முக்கியமான வயலின் மேல் நூற்றாண்டுகளாக உழவர்கள் வேறிடத்திலிருந்து வெட்டி வந்த புற்கரணையும் தொழுவச் சாணமும் கொட்டி மண்ணை உயர்த்தியிருந்தார்கள். மணல் நிலத்தை விளைய வைக்க அந்த ஊரார் கண்ட வழி அது. இதனால் ரோமானியக் காலத் தரை கலப்பைக்கும் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது, டிடெக்டருக்கும் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. தோண்டித்தான் ஆக வேண்டும். தோண்டியபோது நீண்ட மண்சுவர் ஒன்றின் தடம் தெரிந்தது. சுவர் சரிந்து மூடிய இடங்களில்தான் நல்ல பொருள்கள் பிழைத்திருந்தன. போருக்குப் பின் வென்றவர்கள் களத்தைத் துப்புரவாகச் சூறையாடியிருந்தார்கள். கண்ணுக்குத் தப்பியது மட்டுமே மிச்சம்.

1990இல் கிடைத்த குதிரைவீரனின் முகக்கவசம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இன்று கால்க்ரீஸ அருங்காட்சியகத்தின் அடையாளமே அதுதான்: மூடிய உதடுகளும் வெறும் கண்குழிகளுமாக ஓர் இரும்பு முகம். அதன்மேல் ஒருகாலத்தில் வெள்ளித் தகடு போர்த்தியிருந்தது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணுக்குகளே அதற்குச் சாட்சி. சூறையாடியவன் தகட்டை உரித்துக்கொண்டு இரும்பை வீசிவிட்டுப் போயிருக்கிறான்.

இன்னொன்று, சுவர் சரிந்து மூடிய கோவேறு கழுதை. அதன் கழுத்து மணிக்குள் புல் திணிக்கப்பட்டிருந்தது. மணி ஒலிக்கக் கூடாது என்று யாரோ அவசரமாகச் செய்த காரியம். எட்டுக் குழிகளில் மனித எலும்பும் விலங்கு எலும்பும் கலந்து கிடந்தன. ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்துவிட்டுப் பிறகு புதைக்கப்பட்ட எலும்புகள் என்று ஆய்வு சொன்னது. கி.பி. 15இல் தளபதி ஜெர்மானிக்கஸ் களத்துக்கு வந்து, வெளுத்துக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கி அடக்கம் செய்ததாக டாசிட்டஸ் எழுதியதோடு இதைப் பொருத்திப் பார்க்காதவர் குறைவு.

காசுகளுக்கு வருவோம். சில செம்புக்காசுகளின் மேல் வாருஸ் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தன. அவர் அங்கே ஆளுநராக இருந்தது கி.பி. 7 முதல் 9 வரை. படைவீரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த காசில் குத்திய முத்திரையாக இருக்க வேண்டும். ஆக, இந்தக் காசுகள் கி.பி. 7க்கு முன் இந்த மண்ணில் விழுந்திருக்க வழியில்லை. மறுபக்கம், லுக்டுனம் என்ற இன்றைய லியோன் நகர அச்சுச்சாலை கி.பி. 10 வாக்கில் வெளியிடத் தொடங்கிய புதிய பலிபீடக் காசுகள் இங்கே இல்லை. இருப்பதை வைத்து மேல் எல்லை, இல்லாததை வைத்துக் கீழ் எல்லை. ஒரு காசால் இதைச் சொல்ல முடியாது. ஒரே களத்திலிருந்து பதிவோடு எடுத்த நூற்றுக்கணக்கான காசுகளால் மட்டுமே முடியும். பத்துப் பேர் பத்து ஆண்டு பொறுக்கி விற்றிருந்தால் இந்த ‘இல்லை’ என்ற சான்று உருவாகியிருக்கவே முடியாது.

கால்க்ரீஸ வெள்ளிக்காசுகளில் ஒரு வகை தமிழ் வாசகருக்கு அந்நியமானது அல்ல. ஒரு பக்கம் வாகை சூடிய அகஸ்டஸின் தலை. மறுபக்கம் அவர் தத்தெடுத்த பேரர்கள் காயுஸ், லூசியுஸ் இருவரும் நிற்க, நடுவே கேடயமும் ஈட்டியும். கி.மு. 2 முதல் சில ஆண்டுகள் லுக்டுனத்தில் அடித்தது. இதே காசு தென்னிந்திய ரோமானியப் புதையல்களில், முக்கியமாகக் கொங்குப் பகுதியில், மிகுதியாகக் கிடைக்கும் இரண்டு வகைகளில் ஒன்று. மற்றது தலைமைப் பூசாரி என்ற பட்டம் பொறித்த டைபீரியஸின் காசு. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே பெரும்பான்மை. கிளாடியுஸ் காசுகளும் சில உண்டு. டைபீரியஸ் ஆட்சிக்கு வந்தது கி.பி. 14. ஆகவே கால்க்ரீஸயில் அவரது காசு இல்லாததும் வெள்ளலூரில் மிகுந்திருப்பதும் இரண்டு புதைவுகளையும் காலத்தால் பிரித்துக் காட்டுகின்றன. ஒரே அச்சுச்சாலைக் காசு ரைன் நதிக்கு அப்பால் தோற்ற படையின் இடுப்புப் பையிலும், நொய்யல் கரையில் மிளகும் மணிக்கல்லும் விற்றவன் கையிலும் விழுந்திருக்கிறது. தனியே எடுத்து மேசைமேல் வைத்தால் எது எங்கிருந்து வந்தது என்று நாணயவியலாளரே சொல்ல முடியாது. கரூரில் அமராவதி ஆற்றுமணலைச் சலித்துப் பொறுக்கி, வியாபாரிகள் கைமாறி வந்த சேரர் காசுகளுக்கும் இதே கதிதான். மாக்கோதை, கொல்லிப்புறை என்ற பெயர்களை அவற்றில் படிக்க முடிகிறது. காலத்துக்கு எழுத்தின் வடிவத்தை நம்ப வேண்டியிருக்கிறது, மண்ணடுக்கு சொல்லித்தர வழியில்லை.

ஷ்லூட்டரைப் பார்க்காத ஒரு கிளன் என்ன செய்திருப்பார் என்பதற்கு இன்னொரு ஜெர்மன் காட்டில் விடை இருக்கிறது. சாக்ஸனி-அன்ஹால்ட் மாநிலத்தில் நெப்ரா நகருக்கு அருகே மிட்டல்பெர்க் என்ற 252 மீட்டர் உயரக் குன்று. 1999 ஜூலையில் அனுமதி பெறாத இருவர் அங்கே டிடெக்டரோடு திரிந்தபோது கருவி ஒலித்தது. கொத்துக் கருவியால் வெட்டி எடுத்ததில் ஒரு வெண்கலத் தட்டின் விளிம்பு சிதைந்தது, தங்கத் தகட்டில் ஒரு துண்டு பிய்ந்தது. கூடவே இரண்டு வாள், இரண்டு கோடரி, ஓர் உளி, கைவளைகளின் துண்டுகள். மறுநாளே எல்லாவற்றையும் 31,000 மார்க்குக்கு விற்றுவிட்டார்கள். சுமார் 32 சென்டிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய இரண்டு கிலோ எடையும் கொண்ட அந்தத் தட்டில் தங்கத்தால் நிலவும் நட்சத்திரங்களும் பதிக்கப்பட்டிருந்தன. கார்த்திகை மீன்கள் போல ஏழு புள்ளிகள் ஒரு கொத்தாக. வானத்தைத் திட்டமாகக் காட்டும் படங்களில் உலகிலேயே மிகப் பழையது என்று இன்று சொல்லப்படுகிறது. 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

அது கைமாறிக் கைமாறி 7 லட்சம் மார்க் விலையில் நின்றபோது, மாநிலத் தொல்லியல் துறைத் தலைவர் ஹாரால்ட் மெல்லர் வாங்குபவர்போல நடித்து, 2002 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓர் ஓட்டலில் விற்பனையாளர்களைச் சந்தித்தார். போலீஸ் உள்ளே புகுந்தது. செய்தித்தாள்களுக்குத் தீனி. கண்டெடுத்தவர்களும் பிடிபட்டார்கள், இடத்தைக் காட்டினார்கள். முதலில் விதித்த தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்போய், 2005இல் தண்டனை கூடியதுதான் மிச்சம்.

போலீஸ் கதை ருசியானது. ஆனால் உண்மையான நட்டம் எங்கே என்பது 2020இல் வெளிப்பட்டது. ரூப்பர்ட் கெப்ஹார்ட், ருடிகர் க்ரௌசே என்ற இரண்டு தொல்லியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டும் வாள்களும் ஒன்றாகக் கிடந்தன என்பதற்குத் திருடர்களின் வாக்குமூலத்தைத் தவிர என்ன ஆதாரம்? தட்டின் காலத்தை கி.மு. 1600 என்று சொல்வதே வாள்களை வைத்துத்தானே? வாள்களோடு உள்ள உறவை எடுத்துவிட்டால், வடிவத்தையும் அலங்காரத்தையும் பார்க்கும்போது இது ஆயிரம் ஆண்டு பிந்திய இரும்புக் காலப் பொருளாகவும் இருக்கலாம் என்றார்கள். மெல்லர் தரப்பு ஒட்டியிருந்த மண்ணின் வேதியியல், உலோகப் பகுப்பு, மிட்டல்பெர்க்கில் பின்னால் நடத்திய அகழாய்வு ஆகியவற்றைக் காட்டி விரிவாக மறுத்தது. என் பார்வையில் மெல்லர் தரப்பின் கை ஓங்கியிருக்கிறது; செம்பு ஆல்ப்ஸ் மலையின் மிட்டர்பெர்க் சுரங்கத்தோடு பொருந்துவது எளிதில் தள்ளக்கூடிய சான்று அல்ல. இருந்தாலும் கேள்வி எழ இடம் கிடைத்ததே கவனிக்க வேண்டியது. அன்று குழியை அப்படியே விட்டுவிட்டு ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால், தட்டும் வாளும் எந்த மட்டத்தில் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று ஒரு வரைபடம் இருந்திருக்கும். ஒரு வரியில் முடிந்திருக்கக்கூடிய விவகாரத்துக்கு ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்ய நேர்ந்திருக்காது.

மூன்றாவது காடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. லோயர் சாக்ஸனியில் காலஃபெல்ட் அருகே ஹார்ட்ஸ்ஹார்ன் என்ற மரம் மூடிய மலைமுகடு. 2000இல் ஓர் இடைக்காலக் கோட்டையைத் தேடி டிடெக்டரோடு போனவர்கள் சில இரும்புப் பொருள்களை எடுத்துவந்தார்கள். விசித்திர வடிவிலான ஒன்றை மெழுகுவத்தித் தாங்கி என்று எண்ணி வைத்துக்கொண்டார்கள். அது குதிரைக் குளம்பில் கட்டும் ரோமானிய இரும்புச் செருப்பு என்று தெரிந்தவர்கள் சொன்ன பிறகு, 2008இல் மாவட்டத் தொல்லியல் அலுவலகத்தை அணுகினார்கள். எட்டு ஆண்டு தாமதம். வெளிச்சத்துக்கு வந்ததோ யாரும் எதிர்பாராத ஒன்று: வாருஸ் அழிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, ரைனுக்குக் கிழக்கே இவ்வளவு உள்ளே ஒரு பெரிய ரோமானியப் படை வந்து சண்டையிட்டிருக்கிறது. காசுகளைப் பார்த்தால் கி.பி. 235 வாக்கு, பேரரசன் மாக்ஸிமினுஸ் த்ராக்ஸின் படையெடுப்பு.

மாக்ஸிமினுஸ் ஜெர்மானிய நாட்டுக்குள் முந்நூறு நானூறு மைல் போனான் என்று பழைய வாழ்க்கை வரலாறு ஒன்றின் கைப்பிரதிகளில் இருந்தது. அவ்வளவு தூரம் போயிருக்கவே முடியாது என்று பிற்காலப் பதிப்பாசிரியர்கள் எண்ணைப் பத்தில் ஒன்றாக்கி முப்பது நாற்பது என்று திருத்திப் பதிப்பித்தார்கள். ஏட்டுப் பதிப்பில் புகுந்து விளையாடும் பண்டிதத்தனம் நமக்கு மட்டும் உரியது அல்ல போலும்.

ஹார்ட்ஸ்ஹார்னில் கிடைத்தவற்றில் பெரும்பகுதி இரும்பு: வில்பொறியிலிருந்து சீறிவந்த அம்புமுனைகள், ஈட்டிகள், வண்டிப் பாகங்கள், கூடார முளைகள், எண்ணற்ற செருப்பாணிகள். காடு உழப்படாத நிலம் என்பதால் பொறியம்புகள் பாய்ந்த கோணத்திலேயே மண்ணில் செருகி நின்றன. எந்தத் திசையிலிருந்து எந்தச் சரிவை நோக்கி எய்தார்கள் என்று அவற்றைக் கொண்டே வரைய முடிந்தது. செருப்பாணி விழுந்த வரிசை படை ஏறிய பாதையைக் காட்டியது. நான்காம் ஃப்ளாவியப் படையணியின் குறி பொறித்த கோடரி ஒன்று, வந்தவர்கள் யார் என்று சொன்னது. சந்தையில் இவற்றுக்கு என்ன விலை தேறும்? துருப்பிடித்த செருப்பாணியை யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதில்லை. கருவியில் அதை ஒதுக்கிவிடுவார்கள், அல்லது எடுத்து எறிவார்கள். எறிந்த இடத்தில் பாதை அழிகிறது.

காட்டையும் வயலையும் ஒன்றாகப் பேசக் கூடாது என்பதே என் கட்சி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலக்காரரின் ஒப்புதலோடு யாரும் டிடெக்டர் பிடிக்கலாம். காக்கப்பட்ட சின்னங்களில் மட்டும் கூடாது. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பொன்னும் வெள்ளியும் கிடைத்தால் தெரிவிக்க வேண்டும், அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் பணம் கிடைக்கும். 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில் இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் ஏறியிருக்கின்றன. இதைக் காட்டித் தாராளக் கொள்கையை ஆதரிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பொருள்களில் மிகப் பல, ஏற்கெனவே கலப்பை கலைத்துப்போட்ட மேல்மண்ணிலிருந்து வந்தவை. அங்கே மண்ணடுக்கு முன்பே போய்விட்டது. இரசாயன உரம் அரிக்கும் முன் பொருளை எடுத்துப் பதிவதில் நியாயம் இருக்கிறது. காட்டில் அடுக்கு அப்படியே இருக்கிறது. இலைச்சருகுக்கு ஒரு சாண் கீழே இரண்டாயிரம் ஆண்டு கலையாமல் கிடக்கும் பொருளைக் காப்பாற்ற அவசரமே இல்லை. அதைத் தோண்டுவதுதான் அதற்கு வரும் முதல் ஆபத்து.

ஜெர்மனியில் இது மாநில விவகாரம். ஹாட்ரியன் பேரரசன் காலத்து வழக்கத்தையொட்டிய சிவில் சட்டப்படி புதையலில் பாதி கண்டவருக்கு, பாதி நிலக்காரருக்கு. பெரும்பாலான மாநிலங்கள் தொல்பொருளை அரசுடைமையாக்கி இதைத் தாண்டிவிட்டன. பவேரியா மட்டும் நெடுங்காலம் தள்ளிப்போட்டது. அதனால் வேறு மாநிலத்தில் தோண்டியதையும் பவேரியாவில் கிடைத்தது என்று சொல்லி விற்கும் தந்திரத்துக்கு வழி இருந்தது. 2023 ஜூலையில்தான் அங்கும் சட்டம் மாறியது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணில் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டவருக்கு முக்கால், நிலக்காரருக்குக் கால் என்று பங்கு சொல்கிறது. பங்கு பிரிப்பதைப் பற்றி விரிவாகப் பேசும் அந்தச் சட்டத்துக்குப் பொருள் கிடந்த அடுக்கைப் பற்றிக் கவலை இல்லை. அது எழுதப்பட்ட காலத்தில் ஐரோப்பாவிலும் அந்தக் கவலை அவ்வளவாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கால்க்ரீஸ விவாதம் ஓய்ந்துவிடவில்லை. அங்கே அழிந்தது வாருஸின் படை அல்ல, ஆறாண்டு கழித்து ஜெர்மானிக்கஸோடு வந்து சிக்கிய இன்னொரு படை என்று சொல்பவர்கள் உண்டு. வீரர்களின் பையில் புதுக்காசு வந்து சேரக் காலம் பிடிக்கும், எனவே கி.பி. 10க்குப் பிந்திய காசு இல்லாதது முடிந்த சான்று அல்ல என்பது அவர்களின் வாதம். தள்ளிவிடக் கூடியது அல்ல. 2022இல் வேறு திசையிலிருந்து ஒரு விடை வந்தது. படையணியின் கொல்லர்கள் பழைய வெண்கலத்தையும் பித்தளையையும் மீண்டும் மீண்டும் உருக்கிச் செப்பனிட்டதால், ஒவ்வொரு படையணியின் உலோகத்திலும் நுண்தனிமங்களின் தனிக் கலவை படிந்துவிடுகிறது. போஹும் சுரங்க அருங்காட்சியகமும் மியூனிக் பல்கலைக்கழகமும் கால்க்ரீஸ அருங்காட்சியகமும் சேர்ந்து இதை அளந்தன. கால்க்ரீஸ உலோகம், 19ஆம் படையணி முன்பு தங்கியிருந்த தென்ஜெர்மனியின் டாங்ஸ்டெட்டன் முகாம் உலோகத்தோடு பொருந்தியது. 19 என்பது வாருஸோடு அழிந்த எண்களில் ஒன்று. இந்த அளவீட்டுக்கு உதவியவை காசுகள் அல்ல. கொக்கி, ஆணி, தகட்டுத் துணுக்கு போன்ற சில்லறைச் சாமான்கள்.

மண்சுவரின் வழக்கு தனி. ரோமானியரை மறிக்க ஆர்மினியுஸின் ஆட்கள் எழுப்பியது என்றே நெடுநாள் எழுதிவந்தார்கள். அண்மை அகழாய்வுகளுக்குப் பின், அது தப்பிக்க முயன்ற ரோமானியர் தாங்களே அவசரமாக எழுப்பிய முகாமின் ஒரு பக்கமாக இருக்கலாம் என்ற கருத்து வலுத்திருக்கிறது. அப்படியானால் சுவருக்கு எந்தப் பக்கம் எந்தப் பொருள் விழுந்தது என்பதை எல்லாம் தலைகீழாகப் படிக்க வேண்டிவரும். படிக்கலாம், இடம் குறித்த பதிவுகள் 1987 முதல் இருக்கின்றன.